போர்ல தண்ணி வரலையா? ரிக் வண்டிக்கு போன் போடறதுக்கு முன்னாடி இதை பாத்துருங்க

"போரு வத்திருச்சுங்க, புதுசா போட எவ்வளவு ஆகும்"னு தான் எல்லாரும் பேச்சை ஆரம்பிக்கறாங்க. போய் மோட்டார் சுவிட்ச் பெட்டியை, அதான் பேனலை, தொறந்து பாத்தா கெப்பாசிட்டர் உப்பிக்கிட்டு நிக்கும், இல்லைன்னா உள்ள ஓஸ் கிழிஞ்சு மேல வர வேண்டிய தண்ணி மறுபடி போருக்குள்ளயே ஊத்திக்கிட்டு இருக்கும். கம்மி காசுல முடியற வேலைக்கு லட்சக்கணக்குல எடுத்து வைக்க ரெடியாயிடறாங்க, பக்கத்துல ஒரு போர் ஏஜென்ட் நின்னுட்டா அவரும் ஆமாங்க வத்திருச்சுங்கன்னு தான் சொல்லுவாரு.

இது கோவை, சூலூர், பல்லடம், அவிநாசி, திருப்பூர், பெருந்துறை பக்கத்து வீட்டு போருக்கு எழுதறது. தஞ்சாவூர் டெல்டா, சென்னை கடற்கரை பக்கம் இருக்கறவங்களுக்கு மணல்ல தண்ணி நிக்கும், அது வேற கதை, இதுல பாதி பொருந்தாது. நம்ம பக்கம் மேல செம்மண்ணோ கரிசலோ கொஞ்சம், அப்பறம் சுக்காங்கல்லும் மக்கிப்போன பாறையும், அதுக்கு கீழ கெட்டிப்பாறை. கெட்டிப்பாறைல தண்ணி இருக்கறது வெடிப்புல மட்டும் தான், போர் போடற ரிக் வண்டிக்காரங்க அதை கேப்புனு சொல்லுவாங்க. மேல் மண்ணு சரியாம இருக்க எறக்கற கேசிங் பைப் கெட்டிப்பாறையை தொடற வரைக்கும் தான் எறங்கும், அதுக்கு கீழ வெறும் ஓட்டை. இவ்வளவு தெரிஞ்சா போதும்.

கையில இருக்க வேண்டியது

போர் எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி, எத்தனாவது அடியில கேப் வந்துச்சு, மோட்டார் எத்தனை அடியில தொங்குது, எத்தனை எச்பி எத்தனை ஸ்டேஜ் (பம்புக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின, தண்ணியை தள்ளற சக்கரம்). இந்த அஞ்சையும் பேனல் கதவுக்கு உள் பக்கம் மார்க்கர்ல எழுதி வைங்க. கூடவே நல்லா ஓடற ஒரு நாள்ல வோல்ட் எவ்வளவு, ஆம்ப்ஸ் எவ்வளவு, சுவிட்ச் போட்டதுலருந்து டேங்க்ல தண்ணி விழ எத்தனை செகண்டு, இதையும் எழுதிருங்க. கீழ சொல்ற எல்லா செக்கும் இந்த நம்பரோட ஒப்பிட்டு பாக்கறது தான், நல்ல நாள்ல எழுதாம விட்டுட்டு கெட்ட நாள்ல முள்ளு 6ல நிக்குது அது சரியாங்கன்னு கேட்டா யாராலயும் சொல்ல முடியாது.

## சுவிட்ச் போட்டா மோட்டார் ஓடவே இல்ல

முதல்ல பேனல்ல இருக்கற ஆம்ப்ஸ் முள்ளை பாருங்க, ரெண்டு வழியா பிரியும்.

ஆம்ப்ஸ் சுத்தமா ஜீரோ

வோல்ட் மீட்டர் முள்ளு எந்திரிக்குதா? இல்லைன்னா மெயின், ஃப்யூஸ், எம்சிபி. முள்ளு இருக்கு, ஆம்ப்ஸ் மட்டும் இல்லைன்னா ஓவர்லோட் ட்ரிப் ஆகி நிக்கும், பேனல்ல இருக்கற அதோட சின்ன ரீசெட் பட்டனை ஆறவிட்டு ஒரு தடவை அமுத்துங்க. ஒரே தடவை. மறுபடி ட்ரிப் ஆச்சுன்னா அது ஏதோ சொல்லுது, திரும்பத் திரும்ப அமுத்தி தான் நிறைய மோட்டார் எரிஞ்சிருக்கு. அடுத்து டைமரோ, தண்ணி இல்லைன்னா மோட்டாரை நிறுத்தற ட்ரை ரன் போர்டோ இருந்தா அது கட் பண்ணி வெச்சிருக்கான்னு பாருங்க. அப்பறம் பேனல்லருந்து போர் வரைக்கும் போற கேபிள், எலி கடிச்சிருக்கும், இல்ல போர் வாயில இருக்கற ஜாயின்ட்ல டேப் விட்டு பச்சை பூத்திருக்கும். இதுவரைக்கும் மோட்டாரை வெளிய எடுக்கற பேச்சே கிடையாது.

ஆம்ப்ஸ் எகிறுது, உர்ருன்னு சத்தம், ட்ரிப் ஆகுது

வோல்டேஜை பாருங்க. சாயங்காலம் 170, 180ல நிக்கற ஏரியாவுல மோட்டார் எந்திரிக்காது, ராத்திரி 10 மணிக்கு மேல போட்டு பாருங்க, எந்திரிச்சா மோட்டார் மேல தப்பு இல்ல. வோல்டேஜ் சரின்னா அடுத்து கெப்பாசிட்டர். ஸ்டார்ட் கெப்பாசிட்டர், ரன் கெப்பாசிட்டர் ரெண்டும் பேனல்லயே இருக்கும், உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிஞ்சிருந்தாலோ மாத்திருங்க, அதே மைக்ரோ ஃபாரட் நம்பர்ல வாங்கணும், கடைக்காரர் "இது கொஞ்சம் பெருசுங்க, நல்லா இழுக்கும்"னு குடுத்தா வாங்காதீங்க. மெயினை ஆஃப் பண்ணின பொறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், வெறும் கையை உள்ள விடாதீங்க.

கெப்பாசிட்டர் மாத்தியும் அதே உர்ருன்னா மணல் சிக்கி பம்ப் எறுகியிருக்கணும், இல்ல காயில் போயிருக்கணும். இங்க எலக்ட்ரீஷியனை கூப்பிடுங்க. அவர் மெகர்ங்கற இன்சுலேஷன் மீட்டரை வெச்சு கேபிளுக்கும் எர்த்துக்கும் நடுவுல பாப்பாரு, மேல இருந்தே சொல்லிருவாரு. மெகர் பாக்காமலேயே "எடுத்து பாத்துரலாங்க"ன்னு சொல்றவரை கொஞ்சம் நிறுத்தி வைங்க, மோட்டாரை எடுத்து எறக்கற கூலி ஒவ்வொரு தடவையும் உங்க கைக்காசு.

த்ரீ ஃபேஸ்னா ஒரு ஃபேஸ் இல்லாம இருக்கான்னு முதல்ல பாத்துருங்க, மூணு இண்டிகேட்டர்ல ஒண்ணு மங்கலா எரியும்.

## மோட்டார் ஓடுது, ஆம்ப்ஸ் காட்டுது, மேல தண்ணி வரல

எல்லாரும் வத்திருச்சுன்னு முடிவு கட்டறது இங்க தான்.

கேட் வால்வு தொறந்திருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, பெயின்ட் அடிக்க வந்தவரு மூடிட்டு போனதெல்லாம் உண்டு. அடுத்து மோட்டார் ஓடும்போதே கேசிங் மூடியில காதை வெச்சு கேளுங்க.

உள்ள தண்ணி கொட்டற சத்தம் கேக்குது, ஆம்ப்ஸ் வழக்கம் போல

ஓஸோ பைப்போ கிழிஞ்சிருக்கு, இல்ல ஜாயின்ட் விட்டிருக்கு. இரும்பு பைப் போட்டு பல வருஷம் ஆயிருந்தா துரு தின்னு பொத்தல் விழுந்திருக்கும், நம்ம உப்புத் தண்ணிக்கு இரும்பு தாங்காது. மோட்டாரை எடுத்தாகணும், ஆனா செலவு பைப்போட நின்னுரும். கேப்லருந்து தண்ணி விழற சத்தமும் இப்படியே தான் கேக்கும், அதனால மோட்டாரை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி கேளுங்க, நிறுத்தினதும் சத்தம் நின்னா பைப்பு, நிக்காம சொட்டிக்கிட்டே இருந்தா அது ஊத்து, சந்தோஷப்படுங்க.

சத்தம் இல்ல, ஆம்ப்ஸ் வழக்கத்தை விட நல்லா கம்மி

பம்ப் காத்துல ஓடுது, இல்ல மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவுல கப்ளிங் ஒடைஞ்சிருக்கு. உடனே நிறுத்துங்க, பம்புக்கு உள்ள தண்ணி தான் மசகு, வெறும்ல ஓடினா ஸ்டேஜ் உருகிரும். ஒரு ராத்திரி விட்டு காலைல போடுங்க. தண்ணி வந்து அப்பறம் நின்னா அது அடுத்த தலைப்பு. ராத்திரி முழுக்க விட்டும் சொட்டு வரல, ஆம்ப்ஸும் கம்மின்னா நீர் மட்டம் மோட்டாருக்கு கீழ போயிருச்சா இல்ல கப்ளிங்கான்னு ஒரு செக் பாக்கணும்: மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு நைலான் கயித்துல கனமா ஒரு போல்ட்டை கட்டி கேசிங் ஓரமா மெதுவா விடுங்க, தண்ணியை தொட்டதும் கயிறு லேசாகும், எடுத்து நனைஞ்ச எடம் வரைக்கும் எத்தனை அடின்னு அளந்துக்கோங்க. மோட்டார் 500 அடியில தொங்குது, தண்ணி 380ல இருக்குன்னா போர் வத்தல, பம்பு தான் போச்சு. கயிறு கேபிள்ல சுத்திக்கிட்டா இழுத்து மல்லுக்கட்டாதீங்க, கையில எடுக்க வராதுன்னா மோட்டார் எடுக்கறவங்க கிட்டயே விட்ருங்க.

தண்ணி வருது, ஆனா சுவிட்ச் போட்டு ரொம்ப நேரம் கழிச்சு

நான் ரிட்டர்ன் வால்வு தேஞ்சிருச்சு. நிறுத்தினதும் பைப்புல இருக்கற தண்ணி எல்லாம் கீழ எறங்கிருது, ஒவ்வொரு தடவையும் முதல்லருந்து நெரப்பிக்கிட்டு வரணும், கரண்ட் பில் ஏறும். அவசரம் இல்ல, அடுத்த தடவை மோட்டார் எடுக்கும்போது மாத்திக்கலாம்.

## பத்து இருபது நிமிஷம் நல்லா வருது, அப்பறம் காத்தும் தண்ணியுமா துப்புது

நம்ம ஊர்ல இதான் பெரிய வியாதி, ரிக் வண்டிக்காரங்களுக்கு அதிகம் வருமானம் குடுக்கறதும் இதான், அதனால கொஞ்சம் நிதானமா பாக்கலாம்.

ஆறரை இஞ்ச் போர்ல ஒரு அடி ஒசரத்துக்கு சுமார் ஆறரை லிட்டர் தண்ணி நிக்கும், பழைய நாலரை இஞ்ச் போர்னா மூணு லிட்டர் சொச்சம். மோட்டாருக்கு மேல 100 அடி தண்ணி நின்னா 650 லிட்டர் சேந்து நிக்குது. முதல் பத்து நிமிஷம் நீங்க எடுக்கறது இந்த சேத்து வெச்ச தண்ணியை தான், அது தீர்ந்ததும் கேப்லருந்து எவ்வளவு ஊறுதோ அவ்வளவு தான் கிடைக்கும், மோட்டார் அதுக்கு மேல இழுத்தா துப்பும். மோட்டார் இழுக்கற வேகத்துக்கு பாறை குடுக்கல, அதுக்காக போர் செத்துப்போச்சுன்னு ஆகாது.

செய்ய வேண்டிய செக் ஒண்ணு தான், காசு செலவு இல்ல. மோட்டாரை போட்டு துப்ப ஆரம்பிச்சதும் நிறுத்துங்க. சரியா ஒரு மணி நேரம் விடுங்க. மறுபடி போட்டு துப்பற வரைக்கும் எத்தனை லிட்டர் வந்துச்சுன்னு டேங்க்ல அளங்க, அதை நிறுத்தி வெச்ச நேரமும் ஓடின நேரமும் சேத்து வகுத்துக்கோங்க. 70 நிமிஷத்துல 350 லிட்டர்னா மணிக்கு 300 லிட்டர் ஊறுது. நாள் முழுக்க கணக்கு போட்டா 7,200 லிட்டர். நாலு பேர் இருக்கற வீட்டுக்கு தாராளமா ஒரு நாளைக்கு 1,000 லிட்டர்னு வெச்சாலும் ஏழு மடங்கு இருக்கு. மணிக்கு 100 லிட்டர் ஊறினாலே 2,400 ஆச்சு. இந்த கணக்கை போடாமயே எத்தனையோ வீட்ல வாசல்ல ரெண்டாவது ஓட்டை போட்டிருக்காங்க.

இனி கம்மி செலவுலருந்து வரிசையா:

கேட் வால்வை பாதி மூடி ஓட்டிப் பாருங்க, துப்பாம தொடர்ந்து வர்ற ஒரு எடம் கிடைக்கும். முழுசா மட்டும் மூடிராதீங்க.

டைமர் போடுங்க. 10 நிமிஷம் ஓடி 50 நிமிஷம் நிக்கற மாதிரி, ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை. கூடவே ட்ரை ரன் ப்ரொடெக்டர். கீழ ஒரு சம்ப் இருந்தா போர்லருந்து சம்ப்புக்கு மெதுவா, சம்ப்லருந்து மேல் டேங்க்குக்கு வேகமா. பெரும்பாலான வீடு இங்கயே முடிஞ்சிரும்.

மோட்டாரை கீழ எறக்கலாமா? போர் 700 அடி, மோட்டார் 450ல தொங்குதுன்னா எறக்கலாம், கேப் 520ல இருந்திருந்தா ரொம்ப நல்லது. அடியில 20, 30 அடி விட்டுருங்க, சேறு சேர்ற எடம் அது. "கீழ எறக்கினா மோட்டார் லோடு தாங்காதுங்க"ன்னு ஒருத்தர் சொல்லுவாரு, லோடு தண்ணி மட்டம் எங்க நிக்குதோ அதைப் பொறுத்தது, மோட்டார் தொங்கற எடத்தை பொறுத்தது இல்ல. ஆனா மட்டமே எறங்கிப்போச்சுன்னா ஸ்டேஜ் பத்தாது, பழைய பம்பு அவ்வளவு ஒசரம் தள்ளாது, அது நெஜம்.

எச்பியை ஏத்தறது? வேண்டாம். ஊறறது கம்மியா இருக்கற போர்ல பெரிய மோட்டாரை எறக்கினா பத்து நிமிஷத்துல துப்பறது நாலு நிமிஷத்துல துப்பும். சின்ன டிஸ்சார்ஜ், அதிக ஸ்டேஜ் உள்ள பம்பு தான் கேட்டு வாங்கணும். இன்னும் கம்மியா ஊறுதுன்னா கம்ப்ரசர் போடலாம், காத்தை உள்ள விட்டு தண்ணியை தள்ளறது, கரண்ட் அதிகம் தின்னும் ஆனா சேறு வந்தாலும் மண்ணு வந்தாலும் கெட்டுப்போக உள்ள ஒண்ணும் இல்ல.

ஃப்ளஷ்ஷிங் அடுத்து. ரிக் வண்டியே தான் வரும், தோண்டாம காத்து அடிச்சு உள்ள இருக்கற சேறை வெளிய தள்ளும். கேப் வாயி சேறால அடைச்சிருந்தா பலன் தெரியும், போர் ஆழம் முன்னாடி எழுதினதை விட 60, 80 அடி கொறைஞ்சிருந்தா கண்டிப்பா பண்ணலாம். நல்ல மழை பேஞ்சும் மட்டம் ஏறாம ஊறறதே கொறைஞ்சு போச்சுன்னா ஃப்ளஷ்ஷிங் ஒண்ணும் பண்ணாது.

ஹைட்ரோ ஃப்ராக்சரிங்குனு ஒண்ணு இருக்கு, கெட்டிப்பாறையில ஓட்டையை அடைக்கற ரப்பர் அடைப்பை, அதான் பேக்கரை, எறக்கி அழுத்தமா தண்ணியை அடிச்சு வெடிப்பை விரிக்கறது. குடிநீர் வடிகால் வாரியம் கை பம்பு போர்களுக்கு பண்றாங்க, தனியாரும் இருக்காங்க. நம்ம பாறைக்கு ஒத்து வர்ற வேலை தான், ஆனா கேசிங்குக்கு ரொம்ப பக்கத்துல அடிக்கக் கூடாது, செய்யறவர் கிட்ட எத்தனை அடியில அடிப்பீங்கன்னு கேளுங்க, பதில் சொல்லத் தெரியாதவரை அனுப்பிருங்க.

இதெல்லாம் தாண்டி தான் அதே போரை இன்னும் ஆழம் பண்றது, புது போர் போடறது. அதையும் வைகாசில முடிவு பண்ணாதீங்க, முடிஞ்சா ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு ஒரு தடவை அளந்துட்டு பண்ணுங்க. நம்ம பக்கம் மலை மறைவு, ஆடிக்காத்துல சாரல் தான், மட்டம் ஏறறது வடகிழக்கு மழைக்கு தான். 2024 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச அத்திக்கடவு அவிநாசி திட்டத்துல 1,045 குளம் குட்டை சேந்திருக்கு, உங்க வீட்டுக்கு பக்கத்து குளத்துக்கு தண்ணி வருதுன்னா அது நெரம்பின பொறகு அளங்க.

## கலங்கலா வருது, மண்ணு வருது

வெள்ளை பக்கெட்ல புடிச்சு அரை மணி நேரம் வைங்க. அடியில என்ன தங்குதுன்னு பாத்தா எங்க ஓட்டைன்னு பாதி தெரிஞ்சிரும்.

செகப்பு சேறு. மேல் மண்ணு. கேசிங் கீறல் விட்டிருக்கு, இல்ல கேசிங்குக்கும் குழிக்கும் நடுவுல மழைத் தண்ணி எறங்குது. மழை பேஞ்ச அன்னிக்கு மட்டும் வருதுன்னா போர் வாயை சுத்தி நோண்டி களிமண் போட்டு கெட்டிச்சு மேல சிமெண்ட் மேடை கட்டுங்க, நின்னுரும். மழை இல்லாத நாள்லயும் வந்தா கீறல் தான், கேமரா விட்டு பாக்கறவங்க இருக்காங்க, அவங்களை கூப்பிடுங்க.

மினுக் மினுக்குனு காக்காப்பொன்னு, கரகர மணல். மக்கிப்போன பாறையிலருந்து வருது. கேசிங்கோட கால் கெட்டிப்பாறையில சரியா உக்காரல. போர் போட்ட அன்னிக்கு நாலு பைப் மிச்சம் பண்ணலாம்னு 60 அடியில நிறுத்தினது இப்ப இப்படி வரும். உள்ள சின்ன கேசிங் எறக்கலாம், ஆனா அதுக்கு அப்பறம் உள்ள போற பம்போட சைஸ் கொறைஞ்சிரும்.

சாம்பல் நிற மாவு. போர் போட்டப்போ அரைச்ச பாறை மாவு தான். புது போர்னா கொஞ்ச நாளைக்கு வரும், ஓட்டி வெளிய விடுங்க. பழைய போர்ல திடீர்னு வந்தா மோட்டார் அடிச் சேத்துக்கு பக்கத்துல தொங்குது, 20 அடி மேல தூக்கினா சரியாயிரும், இல்லைன்னா ஃப்ளஷ்ஷிங்.

மண்ணு வர்ற போர்ல மோட்டாரை அப்படியே மாசக்கணக்குல ஓட்டாதீங்க. மேல மண்ணு உக்காந்து மோட்டார் மாட்டிக்கிச்சுன்னா எடுக்க வராது. அப்படி மாட்டினா செயின் பிளாக் போட்டு வெறி கொண்டு இழுக்கறது தான் முதல்ல தோணும், கயிறும் கேபிளும் அறுந்து மோட்டாரும் போரும் சேந்து போறது அப்படித்தான். காத்து அடிச்சு மண்ணை இளக்கி எடுக்கறவங்க இருக்காங்க, அவங்க வேலை அது.

## மோட்டார் வருஷா வருஷம் எரியுது

வோல்டேஜ், ட்ரை ரன், மட்டமான ஜாயின்ட், இதெல்லாம் பாத்தாச்சு, ரீவைண்டிங் கடை மாத்தியாச்சு, இன்னும் எரியுதுன்னா ஒண்ணு கேளுங்க: கேப் எல்லாம் மோட்டாருக்கு மேலயா இருக்கு? சப்மெர்சிபிள்ல பம்பு மேல, மோட்டார் கீழ. தண்ணி மேலருந்து வந்து நேரா பம்புக்குள்ள போயிருது, கீழ இருக்கற மோட்டாரை தொட்டுக்கிட்டு ஓடறது இல்ல, சூடு எறங்கறது இல்ல. மோட்டாரை சுத்தி ஒரு பிவிசி பைப்பை உறை மாதிரி மாட்டி, தண்ணி கீழ போய் சுத்தி மேல வர்ற மாதிரி பண்ணணும். நாலு இஞ்ச் பம்பு ஆறரை இஞ்ச் போர்ல இதுக்கு எடம் இருக்கு. சொன்னா மெக்கானிக் சில பேர் மொறைப்பாங்க, பரவால்ல, போட சொல்லுங்க.

## ருசி மாறிருச்சு, நாத்தம், மஞ்சள்

கோவைக்காரங்களுக்கு சிறுவாணி குடிச்ச நாக்கு, போர் தண்ணின்னாலே உப்புத் தண்ணி தான். அதனால உப்பா இருக்குன்னு சொல்றது பிழை இல்ல, முன்னாடி இருந்ததை விட மாறிருச்சான்னு தான் பாக்கணும். தண்ணியில கரைஞ்ச உப்பை காட்டற சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எழுதி வைங்க. குடிக்கறதுக்கு 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும்னு இந்திய தர நிர்ணயத்துல இருக்கு.

மஞ்சளா வந்து 20 நிமிஷம் ஓட்டினா தெளிஞ்சிருதுன்னா பைப் துரு. தெளியவே இல்ல, வாளில வெச்சா கொஞ்ச நேரத்துல இன்னும் செவக்குதுன்னா தண்ணியிலயே இரும்பு. அழுகின முட்டை வாசம், அதுவும் ஊருக்கு போய்ட்டு வந்த வீட்லன்னா நாள் கணக்குல நின்ன தண்ணி, ஓட்டி விட்டா போகும். சாக்கடை வாசமோ சோப்பு நுரையோ வந்தா செப்டிக் டேங்க் தான், மக்கிப்போன பாறை வழியா வருது, குடிக்கறதையும் பாத்திரம் கழுவறதையும் அன்னிக்கே நிறுத்திட்டு டேங்க்கை பாருங்க.

திருப்பூருக்கு கீழ நொய்யல் ஓரத்துல, ஒரத்துப்பாளையம் அணை சுத்துவட்டாரத்துல டிடிஎஸ் எக்கச்சக்கமா இருந்தா உங்க போர் மேல தப்பு இல்ல, சாயக் கழிவு பல வருஷம் எறங்கின நெலம் அது. 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூட சொன்னதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், ஆனா பாறை வெடிப்புக்குள்ள போனது சீக்கிரம் வெளிய வராது. அங்க இன்னும் ஆழமா போட்டா நல்ல தண்ணி வரும்னு நம்பி காசை விடாதீங்க.

ஃப்ளோரைடு மட்டும் தனி. நிறம் இல்ல, வாசம் இல்ல, டிடிஎஸ் மீட்டர்ல தனியா தெரியாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது. சின்ன குழந்தை இருக்கற வீடுன்னா குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேப்ல ஒரு பாட்டில் குடுத்து பாத்துருங்க.

## புது போர் போடற அன்னிக்கு வர்ற சிக்கல்

எல்லாம் பாத்தாச்சு, போட்டே ஆகணும்னா, ரிக் வர்றதுக்கு முன்னாடி ரேட்டை எழுத்துல வாங்குங்க. 300 அடி வரைக்கும் ஒரு ரேட், அப்பறம் நூறு நூறு அடிக்கு ஏறும், கேசிங் தனி. ராடு எண்ணிக்கிட்டே நில்லுங்க, பெரும்பாலும் ஒரு ராடு 20 அடி, டேப் வெச்சு ஒண்ணை அளந்துக்கோங்க. உள்ளாட்சில அனுமதியும் வாங்கணும்.

எடம் பாக்கறதுல தேங்காய், வேப்பங்குச்சி வெச்சு பாக்கறவங்களோட நான் சண்டைக்கு போகல, ஆனா மண்ணுக்குள்ள கரண்ட் விட்டு பாக்கற ரெசிஸ்டிவிட்டி சர்வே பண்ணினா மக்கிப்போன பாறை எவ்வளவு ஆழம்னாவது தெரியும், கேசிங் செலவு முன்கூட்டியே கணக்கு வரும். எவ்வளவு தண்ணி வரும்னு அதுவும் சொல்லாது.

கேசிங் எறங்கிக்கிட்டே இருக்கு, கெட்டிப்பாறை வரல. மேற்கால மலையடிவாரம், தொண்டாமுத்தூர் பக்கம் உருண்டைக் கல்லும் மண்ணுமா ஆழமா இருக்கும், அங்க இது சகஜம். நடுவுல ஒரு உருண்டைக் கல்லை பாறைன்னு நெனச்சு கேசிங்கை நிறுத்திருவாங்க. நிறுத்தறதுக்கு முன்னாடி இன்னும் பத்து அடி ஓட்டி ஒரே மாதிரி மாவு வருதான்னு பாக்க சொல்லுங்க. பைப் காசுக்கு இங்க யோசிச்சீங்கன்னா பின்னாடி காக்காப்பொன் மணல் தான்.

400 அடி ஆச்சு, வெறும் புகை. மாவோட நிறத்தை பாருங்க. ஒவ்வொரு 20 அடிக்கும் ஒரு கைப்பிடி எடுத்து வரிசையா தரையில வைங்க. ஒரே கருநீலமா 200 அடி தொடர்ந்து வருதுன்னா முழுப்பாறை, நல்ல சகுனம் இல்ல. நிறம் மாறுது, நடுவுல வெள்ளை வெங்கச்சங்கல்லு வருது, ராடு கொஞ்சம் தடக்குனு எறங்குதுன்னா அங்க தான் கேப்புக்கு வாய்ப்பு. ஆழம் போகப் போக பொதுவா வெடிப்பு கொறையும், 1,000 அடியில நல்லா வந்த போரும் நம்ம ஊர்ல உண்டு, அதனால தான் சூதாட்டம் மாதிரி ஆயிருது. எத்தனை அடியில நிறுத்தறதுன்னு முந்தின நாளே வீட்ல முடிவு பண்ணிக்கோங்க, ரிக் சத்தத்துல நின்னுக்கிட்டு எடுக்கற முடிவு எல்லாம் "இன்னும் நூறு பாத்துரலாங்க" தான்.

"ரெண்டு இஞ்ச் தண்ணிங்க"ன்னு சொல்றாங்க. கண்ணால சொல்றதை நம்பாம V வடிவத்துல வெட்டின வி நாட்ச் பலகை வெச்சு அளக்க சொல்லுங்க. 90 டிகிரி நாட்ச்ல தண்ணி 1 இஞ்ச் ஒசரத்துக்கு ஓடினா மணிக்கு சுமார் 500 லிட்டர், ஒன்றரை இஞ்ச்னா 1,400, 2 இஞ்ச்னா 2,900 பக்கம். ரெண்டு இஞ்ச்ங்கறது ஒரு இஞ்ச் மாதிரி ரெண்டு மடங்கு இல்ல, அஞ்சரை மடங்கு. அதுவும் அரை மணி நேரமாவது தொடர்ந்து காத்து அடிச்ச பொறகு பாக்கணும், முதல்ல பொங்கி வர்றது சேந்து நின்ன தண்ணி.

180ல தண்ணி வந்துச்சு, கீழ போகப் போக காணோம். பெரும்பாலும் காணாம போகல, மாவு குழம்பி கேப் வாயை அடைச்சிருக்கும், ஃப்ளஷ் பண்ணச் சொல்லுங்க. சில சமயம் கீழ இன்னொரு வறண்ட வெடிப்பு அதை குடிச்சிரும், அது நடந்தா கீழ மூடி விடறதுக்கு நெலத்தடி நீர் தெரிஞ்ச ஜியாலஜிஸ்ட் வேணும், ரிக் டிரைவர் வேலை இல்ல.

பக்கத்து வீட்ல போர் போட்டாங்க, எனக்கு நின்னுருச்சு. ஒரே வெடிப்புல ரெண்டு பேரும் உறிஞ்சறீங்க. முதல்ல கலங்கல் வந்துச்சா பாருங்க, அவங்க போட்ட மாவு உங்க போருக்குள்ள வந்து அடைச்சிருந்தா ஃப்ளஷ்ஷிங்ல மீளும். இல்லைன்னா ரெண்டு வீட்டு மோட்டாரும் ஒரே நேரத்துல ஓடாம டைமரை மாத்தி வெச்சு பாருங்க, போட்டி போட்டு அவரை விட ஆழமா போடறதுக்கு இது எவ்வளவோ சல்லிசு.

## போர் நெஜமாவே செத்துருச்சு

ரெண்டு மழைக்காலம் பாத்தும் மணிக்கு 30, 40 லிட்டர் கூட ஊறல, மட்டம் ஏறல, கேமராவுலயும் கேப் வறண்டு தெரியுதுன்னா ஒத்துக்கலாம்.

அப்பவும் அதை ரீசார்ஜுக்கு வெச்சுக்கலாம். 1,000 சதுர அடி மொட்டை மாடி, வருஷத்துக்கு 650 மில்லிமீட்டர் மழைன்னா கணக்குக்கு 60,000 லிட்டர், ஆவியா போறது கழுவி விடறது போக 45,000 மேல உள்ள விடலாம். மாடித் தண்ணி மட்டும், அதுவும் ஜல்லி மணல் ஃபில்டர் தாண்டி. முதல் மழையை வெளிய விட்டுருங்க. வாசல் தண்ணி, ரோட்டுத் தண்ணியை விட்டீங்கன்னா சுத்துப்பட்டு நாலு வீட்டு போரையும் சேத்து கெடுக்கறீங்க.

ரீசார்ஜுக்கும் வேண்டாம்னா மூடணும், கேசிங்கை உருவி வித்துட்டு மேல ஒரு கல்லை வெக்கறது மூடறது ஆகாது. 2019 அக்டோபர்ல மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில கைவிட்ட போர்ல சின்னக் குழந்தை விழுந்து உயிர் போனது யாருக்கும் மறந்திருக்காது. சுப்ரீம் கோர்ட் 2010லயே சொல்லிருச்சு, கைவிட்ட போரை அடியிலருந்து தரை மட்டம் வரைக்கும் களிமண், மணல், கல்லு போட்டு நெரப்பணும்னு. கொஞ்சம் கொஞ்சமா கொட்டுங்க, ஒரே அடியா கொட்டினா நடுவுல அடைச்சு கீழ வெத்திடம் நின்னுரும், அப்பப்போ கயிறு விட்டு எத்தனை அடி நெரம்பிருக்குன்னு பாத்துக்கோங்க. ஒரு மழைக்காலம் கழிச்சு மண்ணு உள்ள எறங்கியிருந்தா மறுபடி நெரப்புங்க. மோட்டார் கழட்டின அன்னிக்கும் நெரப்பற நாளுக்கும் நடுவுல கேசிங் மேல இரும்பு மூடி போட்டு போல்ட் முடுக்கி வைங்க, சாக்கு கட்டி வைக்காதீங்க.